வள்ளம் இல்லாத பக்கம்

...ஏலாதாம், என்ன ஏலாது, கொழும்பில் குளிர் அறைக்குள் இருந்துகொண்டு ஏலாது என்று சொல்ல இணையத்தளம் செய்து தந்த அந்தப் பொடியனுக்கு நல்ல சுகம்தான், இணையத்தளத்துக்கு லோகோ ஒன்றுதானாம், அந்த வள்ளம்தானாம், ஒருக்காப் போட்டால் எல்லாப் பக்கத்தின் தலையிலும் அதுதான் வருமாம், அன்ரோனெற்றுக்கு வந்த எரிச்சலில் தேத்தண்ணி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. ஆறினால் ஆறட்டும். சங்கங்கள் எல்லாம் சேர்ந்த சமாசத்தின் தலைவர் யாகப்பு அண்ணை முருங்கனிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் ஒவ்வொரு சங்கத்தின் பக்கத்திலும் அந்தந்தச் சங்கத்தின் படம் ஏறியிருக்க வேண்டும், அதிலும் முதலில் உம்மு ஸல்மா ராத்தாவின் பாய்ச் சங்கத்துக்கு... ராத்தா நேற்று இதே கந்தோரில், முன்னால் கிடக்கிற இந்தக் கதிரையில் இருந்துதான் சொன்னா, சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகச் சொன்னா. "இப்பிடி ஒரு வள்ளத்தைத்தானே தங்கச்சி இயக்கக்காரர் கரைக்குக் கொண்டு வந்து, முஸ்லிம் ஆக்கள் ஊரை விட்டுப் போங்கோ எண்டு எங்கள ஏறச் சொன்னாங்க, உடுத்த உடுப்போட. இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஊருக்கு வந்து பாய் பின்னுறம், எங்கட பாய்க்கு மேல அந்த வள்ளமா? அது இருந்தா எங்கட சங்கத்தை இணையத்தளத்தில இருந்து வெட்டிடுங்கோ." வெட்டுவதாம்! அத்தனை பெண்களின் கைவேலையும் வாங்க ஆளில்லாமல் மூலையில் சுருண்டு கிடக்கவா சமாசம் கட்டினோம்? அன்ரோனெற் விடமாட்டாள், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவாள்.

மண்டபம் முகாமில் பின்னேரங்களில் கொம்பியூட்டர் படிக்கப் போனபோது எல்லாரும் சிரித்தார்கள், அகதிக்கு எதுக்கடி கொம்பியூட்டர் என்று, இப்போது வந்து பார்க்கட்டும்... ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ளுக்குள் ஓர் இலக்கம் இருக்கிறது, இந்த இலக்கமென்றால் பொது லோகோவை மறை, இந்தப் படத்தைக் காட்டு என்று நாலு வரி, அவ்வளவுதான், இதற்குத்தானா அந்தப் பொடியன் அந்தப் பாடு பட்டான்? அடம்பன் பால் சங்கத்துக்கு அதன் செயலாளர் ஜெகதீபன் அனுப்பிய மாட்டுக்குறி, சண்டை முடிந்து வந்தபோது காட்டுக்குள் கலைந்து நின்ற மாடுகளை அந்தக் குறிசுட்ட தழும்பைப் பார்த்துத்தானே பிடித்தார்கள். ராத்தாவின் சங்கத்துக்குக் கிணறு, காடாகிக் கிடந்த ஊருக்குத் திரும்பி வந்தபோது பற்றைக்குள் கிணற்றுக்கட்டைக் கண்ட பிறகுதான் இது எங்கட தெரு என்று அடையாளம் தெரிந்ததாம்... திரை ஒருமுறை வெளுத்தது, திரும்ப வந்தது, வள்ளம் போய்க் கிணறு நின்றது. மாதாவே! அன்ரோனெற் கதிரையை விட்டு எழும்பியே விட்டாள்.

யாகப்பு அண்ணை வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தபோது அவள் சண்டைக்கு ஆயத்தமாகத்தான் இருந்தாள், லோகோவில் இருக்கிற வள்ளம் அவர் தன் கையால் கீறிய படம், விட்டுக்கொடுக்கமாட்டார், கொடுக்காவிட்டால் ஒன்றுக்குப் பத்தாய்ச் சொல்ல வேண்டியதுதான்... அவர் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தச் சனத்துக்கு வள்ளத்தைக் காட்டியிருக்கக் கூடாதுதான் பிள்ளை, நான் யோசிக்கேல்ல. கிணறு நல்லாயிருக்கு." இவ்வளவுதானா? இதற்கா நேற்று முழுக்க மனதுக்குள் சண்டை பிடித்தாள்? சிரிப்பு வந்தது. அவர் கையை நீட்டி, அவருக்கும் அவளுக்கும் சொந்த ஊரின் மீன் சங்கப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார், திறந்தாள். "எங்கட பக்கத்தில வள்ளமே இருக்கட்டும், என்ன? எங்களைக் காப்பாத்தினது அதுதானே." ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். காப்பாற்றியதுதான், யார் இல்லையென்றது, சண்டைக்குத் தப்பி ஓடின இரவில் பாரம் கூடிய வள்ளத்தை அந்த அலைக்குள் இவர் ஒருவர்தான் இந்தியாக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்... தம்பி ரொபின்சன் அம்மாவின் மடியில் இருந்தான், ஓர் அலை, பிறகு மடி ஈரமாக மட்டும் இருந்தது, இவர் குதித்தார், திரும்பவும் குதித்தார், வெறுங்கையோடு ஏறினார். அம்மா அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை, இவரும் பேசியதில்லை, அவளும்தான். நேற்றிலிருந்து இந்தப் பிடிவாதமெல்லாம் ராத்தாவுக்காக என்றல்லவா நினைத்திருந்தாள்... "என்ன பிள்ளை, வள்ளம் இருக்கட்டும்தானே?" எனக்கும் அது வேண்டாம் அண்ணை என்று, அந்த வள்ளத்தை ஓட்டின மனிதரிடம் எந்த வாயால் சொல்வது?