அடுக்களையில் பிரெமன்

பிராங்க்பர்ட் நகரத்தின் செப்புக்காசு தபாலில் வந்து சேர்ந்த அன்று என் கணவரின் அறை பிராங்க்பர்ட் ஆனது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டின் மற்ற பகுதிகள் அப்படியே இருந்தன.

கணவர் ஞானசிகாமணி காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் தனித்தனி நாடுகளாக இருந்த நகரங்களின் செப்புக்காசுகளைச் சேர்க்கத் தொடங்கியிருந்தார். முதலில் வந்தது பிராங்க்பர்ட்டின் ஹெல்லர் காசு. சட்டைப் பித்தான் அளவுதான். அதில் ஒரு கழுகு. அடுத்து பிரெமன் நகரத்து ஷ்வாரன் வந்தது. அதில் ஒரு சாவி. ஒரே அறையில் இரண்டு நாடுகளை வைக்க முடியாது என்பதால் அதை அடுக்களையில் சீரக டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அடுக்களை பிரெமன் ஆனது. நான் அப்போது மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஆகவே பிரெமன்காரி ஆனேன்.

“நானும் உங்க ஊர்க்காரியா ஆயிரலாமா?” என்று கேட்டேன்.

“ஆகலாம், நவமணி. பத்து வருஷம் இங்கேயே குடியிருக்கணும். இடையிலே வெளியே போகக் கூடாது.”

“அப்ப சோறு யாரு பொங்குவா?”

“அதுதான் சிக்கல்” என்றார்.

கல்யாணமாகி நாங்கள் சேர்ந்து வாழ்ந்த காலம் காசு வருவதற்கு முந்தியது. அது செல்லாது. இடையில் இருந்த கூடம் யாருக்கும் சொந்தமில்லை. தட்டை அங்கே வைப்பேன். அவர் வந்து குழம்பை முகர்ந்து பார்த்து, அனுமதித்து, எடுத்துப் போவார். சில நாள் மீனைத் திருப்பி அனுப்பினார். அதை நான் தின்றேன். எங்கள் காசில் சாவி இருந்தது. கதவு அவர்கள் ஊரில் இருந்தது.

ஒரு நாள் காலையில் அவருக்கு நெஞ்சு வலித்தது. “நவமணி” என்று கூப்பிட்டார். வெந்நீரும் மாத்திரையுமாக ஓடிப்போய் எல்லையில் நின்றேன்.

“உள்ளே வரட்டுமா?”

“நகரசபை கூடித்தான் சொல்லணும்.”

சபையில் அவர் ஒருவர்தான். எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை.

“படுத்துக்கிட்டே சபையைக் கூட்ட முடியாது. கொஞ்சம் பொறு.”

பொறுத்தேன். கட்டிலிலிருந்து அவருடைய கை என் பக்கமாகத் தொங்கியது. எட்டினால் தொட்டிருக்கலாம். வெந்நீர் ஆறிப்போனது. போய்ச் சுடவைத்து எடுத்து வந்தேன். அதுவும் ஆறியது. அதற்குப் பிறகு அனுமதி கொடுக்க அங்கே யாரும் இல்லை.

அடக்கத்துக்கு வெளிநாட்டார் வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆறுதல் சொல்ல வந்த போதகர் என்னைத் தாண்டிப் போனார். அதில் அவர் தவறு எதுவும் இல்லை.

எல்லாம் முடிந்ததும் சென்னையிலிருந்து வந்திருந்த மகன் ஜெபசிங் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிராங்க்பர்ட்டுக்குள் நுழைந்தான். அங்கிருந்து பிரெமனுக்கு வந்தான். யாரும் தடுக்கவில்லை. இரண்டு காசுகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“இனிமே எல்லாம் ஒண்ணுதாம்மா.”

எனக்கு அழுகை வந்தது. எந்த ஊருக்காக என்று தெரியவில்லை.

வீட்டை விற்றாகிவிட்டது, எனக்கு ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்திருக்கிறது என்றான்.

“அது எந்த ஊரைச் சேர்ந்தது?”

“எந்த ஊரையும் சேராதும்மா. சுத்துச்சுவர் இருக்கு.”

மறுநாள் வேன் வந்தது. ஓட்டுநர் என் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பேரை இங்கேயே வச்சிட்டு ஏறுங்கம்மா. அங்கே வைக்க இடம் பத்தாது.”

பெயரை வாசற்படியில் இறக்கி வைத்தேன். மழை வரும்போல் இருந்தது. அதன்மேல் ஒரு வாளியைக் கவிழ்த்துவிட்டு ஏறிக்கொண்டேன்.