ரதிதேவி பிரேக் பிடிக்கும் காட்சி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, நியூசிலாந்தின் பிளாட் புஷ்ஷில் எங்கள் வீட்டு அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தபோது வந்த ஒரு குரல்செய்தியிலிருந்து.

"தாரிணி, என்னால ஏலாது. விடியச் சைக்கிளைத் திருப்பிக் குடுக்கப் போறம். இஞ்ச ஒரு கார் இல்லை, லொறி இல்லை, ஒரு நாய்கூடக் குறுக்க வரேல்லை. நான் கவனமாத்தான் பிரேக் பிடிக்கிறன். பிடிச்ச உடன சைக்கிள் என்னைத் தூக்கி முன்னால எறியப் பாக்குது. ஒவ்வொரு தடவையும். ஏனெண்டு விளங்கேல்லை. சரி, படுக்கப் போறன்."

பேசியவள் ரதிதேவி. பக்கத்து ஊரான பாபகூராவில் இருக்கும் என் தோழி, யாழ்ப்பாணத்துக்காரி. நான் மதுரை. அவள் என்னை 'நீர்' என்பாள். முதல் ஒரு வருடம் அது மரியாதையா கோபமா என்று எனக்குப் புரியவில்லை.

போன வருடம் அவள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது, நிறுத்தியிருந்த ஒரு காரின் கதவு திறந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, சைக்கிள் மட்டும் கராஜிலேயே நின்றது. அவள் கணவர் மகேசன் தேடித்தேடி ஒரு வழி கண்டுபிடித்தார். பிரான்சில், புர்கோன் பகுதியில், பழைய ரயில் பாதை ஒன்றின் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுத் தார் போட்டிருக்கிறார்கள். மோட்டார் வண்டி எதற்கும் அனுமதியில்லை. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம். ஜிவ்ரி என்ற ஊரில் வாடகைச் சைக்கிள் எடுத்து ஏறினால் க்ளூனி வரை போகலாம்.

ரதி ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. "அங்கயும் ஏலாட்டி இனி எங்கயும் ஏலாது. வந்த உடன என்ர சைக்கிளை வித்துப் போடுங்கோ."

வாசகருக்கு இப்போது நிலைமை தெரியும். அங்கே விடிந்ததும் அவள் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சைக்கிள் ஓட்டும் ரதி என்று ஒருத்தி இனி இல்லை.

2

அங்கே இரவு என்றால் இங்கே பகல். அவள் தூங்கி எழுந்திருக்க எனக்கு ஒரு முழுப்பகல் இருந்தது. எழுப்பிப் பேச மனம் வரவில்லை. பேசினாலும் என்ன சொல்வது? எனக்கு ஒன்று புரிய வேண்டுமென்றால் எழுதிப் பார்க்க வேண்டும். எழுதினேன்.

முதல் தொடக்கம்: "செப்டம்பர் வெயிலில் திராட்சைக் கொத்துகள் கருநீல விளக்குகளாய்த் —"

(வேண்டாம். நான் பிரான்சுக்குப் போனதே இல்லை. திராட்சையை நான் பார்ப்பது சூப்பர் மார்க்கெட்டில், பிளாஸ்டிக் பெட்டிக்குள். விளக்காம் விளக்கு.)

இரண்டாவது தொடக்கம்: "ரதிதேவியின் உடலுக்குள் அந்தக் கார்க் கதவு இன்னும் திறந்துகொண்டே இருந்தது. பாதையில் யாருமில்லை. இருந்தும் பிரேக்கைத் தொடும்போதெல்லாம் அவள் விரல்கள் பயத்தில் இறுகின. அவளை முன்னால் தள்ளியது சைக்கிள் அல்ல, அவளுடைய —"

இது எனக்குப் பிடித்திருந்தது. பெருமையாக என் கணவர் ராம்பிரசாத்திடம் படித்துக் காட்டினேன். அவர் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பொண்ணு பயந்தேன்னு சொல்லுச்சா?"

"சொல்லல. ஆனா பயம்தானே?"

"கவனமா பிடிச்சேன்னு சொல்லுச்சுல்ல?"

"ஆமா."

"அப்ப நீதான் அதைப் பயப்பட வைக்கிற. கதைக்கு ஆகும்னு."

"சட்னி வேணுமா வேண்டாமா?"

"வேணும். அதுக்காக வார்த்தைய மாத்த முடியாது."

3

அவர் சொன்னது உறுத்தியது. மறுபடியும் குரல்செய்தியைக் கேட்டேன். பயந்தவள் பேச்சாக அது இல்லை. கணக்கு தப்பாக வந்துவிட்ட ஒருத்தி, எங்கே தப்பு என்று தேடிக் களைத்துப்போன பேச்சு.

[இந்த இடத்தில் ரதி என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்ததாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். சந்தேகப்பட வேண்டியது என்னை.]

அதனால் உணர்ச்சிகளை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, எனக்குப் பிடித்த வேலையைச் செய்தேன்: ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று எழுதுவது.

அந்தப் பாதை பல இடங்களில் சாதாரணத் தெருக்களைக் குறுக்கே கடக்கும். ரயில் ஓடிய காலத்தில் அங்கெல்லாம் கேட் இருந்திருக்கும். இப்போது கார்கள் உள்ளே நுழையாதபடி தடுப்புக் கம்பிகள். சைக்கிளில் வருகிறவர் ஒவ்வொரு கம்பிக்கும் முன்னால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆகவே காரே இல்லாத பாதையிலும் ரதி அடிக்கடி பிரேக் பிடித்தாக வேண்டும்.

சரி, பிரேக் பிடித்தால் என்ன ஆகும்? சக்கரம் மெதுவாகும்; நம் உடம்பு மட்டும் பழைய வேகத்திலேயே போகப் பார்க்கும். பாரம் முழுவதும் முன்னால் சாயும். பின் சக்கரத்தைப் பிடித்தால் பெரிய ஆபத்தில்லை. கொஞ்சம் வழுக்கும், அவ்வளவுதான். முன் சக்கரத்தைச் சட்டென்று பிடித்தால் சைக்கிள் நின்றுவிடும், நாம் நிற்க மாட்டோம்.

ரதிக்கு இது தெரியும். பழகும்போதே அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்: பத்திரமாக நிற்க வேண்டுமென்றால் இடது கை பிரேக்கைப் பிடி, அது பின் சக்கரம். விபத்துக்குப் பிறகு, இனி ஓட்டினால் இடது கையை மட்டும்தான் நம்புவது என்று முடிவெடுத்திருந்தாள். என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

அப்படியானால் அவள் முன்னால் சாயவே கூடாது.

4

புரியாததால் முடிவுகளை யோசிக்க ஆரம்பித்தேன். கதை நடுவில் சிக்கிக்கொண்டால் எழுதுகிறவர்கள் செய்கிற வேலை இது.

ஒன்று, ரதி சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கிறாள். இருவரும் பேருந்தில் க்ளூனிக்குப் போகிறார்கள். ஜன்னல் வழியே பாதையைப் பார்க்கிறாள். கண்ணாடியில் ஒரு மழைத்துளி — (மழைத்துளியை எடுத்துவிட்டேன். பேருந்தையும்.)

இன்னொன்றில் மகேசன் சீட்டைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடுகிறார். அவருக்கு முழங்கால் வலி. ஓட மாட்டார்.

மூன்றாவதில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வந்து வாழ்க்கையைப் பற்றி ஏதோ சொல்கிறார். ரதிக்குப் பிரெஞ்சு தெரியாது. எனக்கும்தான்.

எல்லாவற்றிலும் ஒரே குறை. ரதி கேட்ட கேள்வி 'ஏன்?' என்பது. நான் தந்துகொண்டிருந்ததெல்லாம் ஆறுதல்.

5

மத்தியானம் கராஜுக்குப் போனேன். மூன்றாம் பகுதியில் எழுதியது சரிதானா என்று பார்க்கத்தான். என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, எது இடது என்று ஒரு கணம் குழம்பி (தலைகீழாக இருக்கிறதே), இடது பிரேக்கை அழுத்தினேன். பின் சக்கரம் நின்றது. வலதை அழுத்தினால் முன் சக்கரம். எழுதியது சரி.

அந்த இடது பிரேக்கிலிருந்து கேபிள் எப்படிப் போகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போனேன். ஹேண்டில் பாரிலிருந்து வளைந்து, சட்டத்தின் மேல் தண்டோடு ஒட்டிப் பின்னால் போகிறது. இதையும் கதையில் எழுதலாமே என்று நினைத்தேன். ஆனால் ரதி ஓட்டுவது என் சைக்கிள் இல்லையே. அவள் முதல் நாள் அனுப்பிய புகைப்படத்தைத் திறந்தேன். சீட்டில் உட்கார்ந்தபடி எடுத்தது; ஹேண்டில் பார், அதற்கப்பால் கல் சுவர், வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி. நான் அதுவரை கொடிகளை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

படத்தைப் பெரிதாக்கினேன். இடது பிரேக்கிலிருந்து ஒரு கறுப்புக் கேபிள் இறங்குகிறது. சட்டத்தின் பக்கம் திரும்பவில்லை. நேராகக் கீழே, முன் சக்கரத்துக்குப் போகிறது.

பக்கத்தில் இருந்த பழைய பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு இணையத்தில் சரிபார்த்தேன். நியூசிலாந்தில் வழக்கமாக வலது கை முன் சக்கரம். பிரான்சில் வழக்கமாக இடது கை முன் சக்கரம். நம் ஊரில் சாலையின் இடப்பக்கம், அங்கே வலப்பக்கம். அதை எல்லோரும் சொல்லி அனுப்புவார்கள். பிரேக்கைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

அவள் எவ்வளவு கவனமாக இருந்தாளோ அவ்வளவு மோசமாகச் சாய்ந்திருக்கிறாள். அசட்டையாக இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. மகேசன் அந்த ரகம்.

என் இரண்டாவது தொடக்கம், எனக்குப் பிடித்த அந்தக் கார்க் கதவு, அதோடு செத்தது. கொஞ்சம்கூட வருத்தமில்லை. சிரிப்பாக வந்தது. அவளுக்குள் எதுவும் உடைந்திருக்கவில்லை.

6

சாயங்காலம், அங்கே விடிந்திருக்கும் என்று தெரிந்ததும் கூப்பிட்டேன். அவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"ரதி, சைக்கிள் பக்கத்துல இருக்கா?"

"ஓம். வாசல் முத்தத்தில நிக்குது. கடைசியா ஒருக்கா அதின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"தள்ளிட்டே போய் இடது பிரேக்கைப் பிடி. எந்தச் சக்கரம் நிக்குதுன்னு பாரு."

சரளைக் கல்லில் டயர் உருளும் சத்தம். ஒரு 'கிரீச்'.

"ரதி?"

"முன் சில்லு." மறுபடி உருட்டினாள். மறுபடி கிரீச். "தாரிணி, இது முன் சில்லு! இவங்கள் மாத்திப் பூட்டி வச்சிருக்கிறாங்கள்!"

"அவங்களுக்கு அதுதான் சரி. நமக்குத்தான் மாத்தி."

"இஞ்சருங்கோ!" இது மகேசனுக்கு. "எனக்குப் பயம், மனம் பழுதாப் போச்செண்டு இரவு முழுக்கச் சொன்னீங்களெல்லே? வந்து பாருங்கோ உங்கட மனத்தை!"

"நான் பழுதெண்டு சொல்லேல்லை," என்றார் மகேசன் தூரத்திலிருந்து. "ஆறுதலா இருமெண்டுதான் சொன்னனான்."

"ஆறுதலா இருந்துதான் விழப் பாத்தனான்!"

அவள் சிரித்தாள். சிரிப்பு நடுவில் உடைந்து, மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நான் முடிஞ்சுபோனன் எண்டு நினைச்சன், தாரிணி. நீர் ஒரு விசர், பைத்தியம். எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்?"

"உன்னைப் பத்திக் கதை எழுதிட்டிருந்தேன்."

"அதில நான் விழுறனா?"

"ஒரு வரைவுல பயந்து விழப் பாத்த. அடிச்சுட்டேன்."

7

கதையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் காரணம் தெரிந்துவிட்டதால் மட்டும் கைப்பழக்கம் மாறிவிடாது. முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டினாள்; நிற்கப் பார்த்தபோது இடது விரல்கள்தான் முந்தின. மறுபடி குலுங்கல். மகேசன் "ரதி, வலது!" என்று கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

நான் யோசனைகளாக அடுக்கினேன். கேபிளை மாற்றிப் பூட்டச் சொல்லலாம். (வாடகைச் சைக்கிள், நாளைக்கு வேறொருவர் விழுவார்.) அரை நாள் பயிற்சி செய்யலாம். "நீர் கொஞ்சம் பொறும்," என்றாள் ரதி. காலடிச் சத்தம். "இஞ்சருங்கோ, உங்கட சொக்ஸ் ஒண்டு கழட்டித் தாங்கோ."

"என்னத்துக்கு?"

"தாங்கோ எண்டால் தாங்கோ."

பிறகு அவள் போனைப் பைக்குள் போட்டுவிட்டாள். இதை எழுதும்போதும் அது பைக்குள்தான் இருக்கிறது. அவள் க்ளூனி வரை போகிறாளா, பாதியில் எங்காவது நல்ல சாப்பாட்டுக்கு இறங்கிவிடுகிறாளா, பாபகூராவில் இனி ஓட்டுவாளா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கற்பனை செய்து இன்றைக்கு ஏற்கெனவே ஒருமுறை தவறிவிட்டேன். அந்த வேலையை வாசகரிடம் விட்டுவிடுகிறேன்; இரக்கத்தோடு செய்யுங்கள், ஆனால் கேபிளைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, போன் பைக்குள் போவதற்கு முன் அவள் சொன்னதும், கடைசியாகக் கேட்ட, சைக்கிள் குலுங்காமல் நின்ற சத்தமும்தான். அவள் சொன்ன கணக்கு இது: ரயில் செங்குத்தாக ஏறாது; அதனால் அந்தப் பாதையில் சரிவு மிகக் குறைவு; நிதானமாகப் போனால் பின் சக்கரத்தைப் பிடித்தாலே போதும். இடது பிரேக்கில் மகேசனின் சாக்ஸைச் சுற்றிக் கட்டியாயிற்று. விரல் துணியில் பட்டால் இடது கையை விட்டுவிட வேண்டும். வலது கையை அழுத்த வேண்டும். சைக்கிள் நிற்கிறது.