மந்திரித்த வெனிஸ்

படத்தை இறக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு நான் நிமிர்வதற்குள், என் மனுசி அல்போன்சம்மா அதை இழுத்தெடுத்துத் திரும்பவும் திருஇருதய ஆண்டவருக்குப் பக்கத்தில் கொழுவினாள்.

"களவெடுத்தவளெண்டாத்தான் ஒளிக்கவேணும். இது மதாம் தந்தது."

"ஆர் சாட்சி?"

"மாதா சாட்சி."

"மாதா பொலிசுக்கு வருவாவே?"

மனுசி மலைப்பக்கத்துப் பெரிய வீடொன்றில் அந்த மதாம் கிழவியைக் குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்துகிற வேலை செய்கிறாள். கிழவியின் செத்துப்போன புருசனுக்குப் பழைய ஊர்ப்படங்களில் விசர். சுவரெல்லாம் வெனிஸ்தான். தெருவுக்குப் பதிலாகத் தண்ணீர், அதில் வள்ளங்கள். இருநூற்றைம்பது வருசத்துக்கு முன்னர் இத்தாலிக்காரர் கீறியவையாம். அவரைப் போன்ற விசரர்கள் பூதக்கண்ணாடியோடு வந்து, எது நல்லதென்று சண்டை பிடிப்பார்களாம். போன மாதம் கிழவி ஒன்றைக் கழற்றி, குளிக்கிற துவாயில் சுற்றி, இவளிடம் நீட்டியிருக்கிறாள். படத்தில் கோயில் இருந்ததால் இவள் அதைச் சுவாமிப் படமென்று நினைத்து, பங்குச் சுவாமியிடம் கொண்டுபோய் மந்திரிப்பித்தும் விட்டாள். அவர் தீர்த்தத்தைத் தாராளமாகத் தெளித்தார். படத்து வானத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்துவிட்டது.

சும்மா தருகிறவர்களை நான் நம்புவதில்லை. நினைத்தபடியே நேற்று மகன்காரன் போன் எடுத்தான். சுவரில் ஒரு படம் குறைகிறதாம். தாயைக் கூட்டிவந்து நேரில் கேட்பானாம். அவள் தான் கொடுக்கவில்லையென்று சொன்னால் பொலிசாம்.

லாசால் பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு அவர்கள் ஏறிவரும் சத்தம் கேட்டபோது நான் போய்க் கதவைத் திறந்தேன். மகன் "பொன்சூர்" என்று வணக்கம் சொன்னான். நேரே படத்திடம் போனான். வானத்துப் புள்ளிகளைக் கண்டதும் முகம் வெளிறியது. இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இதை நீங்களா கொடுத்தீர்கள் என்று தாயைக் கேட்டான். பிரெஞ்சில்தான் கேட்டான்; தொழிற்சாலையில் பழகியதால் எனக்கு விளங்கியது.

கிழவி அல்போன்சம்மாவின் கையைப் பிடித்து, தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "ஓம், நான்தான் கொடுத்தேன். இவள் என்னுடைய பிள்ளை" என்றாள், தெளிவாக.

எனக்கு மூச்சு வந்தது. மனுசி என்னைப் பார்த்தாள், கண்டீரோ என்பது போல.

பிறகு கிழவி மகன் பக்கம் திரும்பினாள். மரியாதையாகச் சிரித்தாள்.

"ஐயா, நீங்கள் யார்?"

அவன் சட்டத்திலிருந்து கையை எடுக்கவுமில்லை, படத்தைக் கழற்றவுமில்லை. அல்போன்சம்மா கதிரையொன்றை மெல்ல இழுத்து அவன் பின்னால் வைத்தாள்.