அத்தை லைனில் இருக்கிறார்

புது வாத்தியார் அந்த வெளிநாட்டு ஊருக்கு வந்த நாள் முதல் வகுப்பு வாயைத் திறக்கவில்லை.

வேலை முடிந்து மாலையில் ஆங்கிலம் படிக்க வருகிறவர்கள். பஸ் ஓட்டும் அம்மா, ரொட்டிக்கடைக்காரர், பல் மருத்துவரிடம் உதவிக்கு நிற்கும் பெண், இன்னும் பத்துப் பேர். எழுதச் சொன்னால் அச்சடித்த மாதிரி எழுதுவார்கள். பேசச் சொன்னால் பெஞ்சைப் பார்ப்பார்கள். தப்பாகப் பேசி வாத்தியார் முன்னால் மானம் போவதைவிட ஊமையாகவே இருந்துவிடலாம் என்று ஊர்கூடி முடிவெடுத்தது போல.

புது வாத்தியாரும் என்னென்னவோ செய்து பார்த்தான். படம் காட்டினான். பாட்டுப் போட்டான். ஜோடி ஜோடியாக உட்கார வைத்தான். ஜோடி ஜோடியாக மௌனம் காத்தார்கள்.

முதல்வர் அம்மா சுற்றி வளைக்காமல் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். "இலக்கணம் சொல்லித்தர எங்க ஊர்லயே ஆள் இருக்கு சார். பேச வைக்கத்தான் உங்கள அவ்வளவு தூரத்துல இருந்து வரவழைச்சோம். வியாழக்கிழமை கடைசி வரிசையில வந்து உட்காருவேன். அன்னிக்கும் இதே கதைன்னா உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

கஷ்டம் என்றால் ஊருக்கு விமானம் ஏறுவது. அங்கே ஒரு வீடு இருந்தது. மனைவியின் துணிகள் மடித்தது மடித்தபடி அலமாரியில் கிடந்தன. அவள் போய் ஒரு வருஷம். அந்த வீட்டுக்குள் நுழையாமலிருக்கத்தான் கிடைத்த முதல் வேலைக்குத் தலையாட்டிவிட்டு வந்தான். இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. அது வசதியாக இருந்தது.

தினமும் கூப்பிடுவது மாமியார் மட்டும்தான். ஒரே மகளைப் பறிகொடுத்தவர்.

"சாப்ட்டீங்களா மாப்பிள்ளை?"

"ஆச்சு அத்தை."

"என்ன சாப்ட்டீங்க?"

"ஏதோ."

அத்தோடு சரி. வியாழக்கிழமை பிரின்சிபால் வந்து உட்காரப் போவதை மட்டும் ஒரு நாள் சொல்லியிருந்தான். மகளைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை. இரண்டு ஊருக்கும் உள்ள நேர வித்தியாசம் மட்டும் அத்தைக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கூட்ட வேண்டிய இடத்தில் கழிப்பார். அவன் தலைக்கு சோப்புப் போட்டிருக்கும்போது போன் அடிக்கும்.

வியாழக்கிழமை வந்தது. முதல்வரும் வந்தார். அவன் போனை ஸ்பீக்கரோடு இணைத்து ஓர் உரையாடலைப் போட்டான். ஒருவர் குடை விற்கிறார், ஒருவர் வாங்குகிறார்.

"குடை என்ன நிறம்?" என்று கேட்டான்.

வகுப்பு பெஞ்சைப் பார்த்தது. முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

குடைக்காரர் குரல் பட்டென்று அறுந்தது. மணி அடித்தது. அணைக்கப் போன விரல் பதற்றத்தில் பச்சையில் பட்டுவிட்டது.

"மாப்பிள்ளை! முடிஞ்சுதா? அந்த பிரின்சிபால் பொம்பளை என்ன சொன்னா?"

அறை முழுக்க அத்தை. வகுப்புக்குத் தமிழ் தெரியாது. ஆனால் 'பிரின்சிபால்' நன்றாகவே புரிந்தது. எல்லாத் தலைகளும் கடைசி வரிசைக்குத் திரும்பின. ரொட்டிக்கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு அடக்க ஆளில்லை.

"யாரு அங்க சிரிக்கிறது? கிளாஸ்லயா இருக்கீங்க? ஐயையோ, வச்சிடறேன்!"

"ஹூ?" என்றார் பஸ் அம்மா.

வாத்தியார் கேட்காமலே அந்த வகுப்பில் பிறந்த முதல் ஆங்கிலச் சொல். விரல் சிவப்புக்கு மேலே நின்றது. அழுத்தினால் குடைக்குத் திரும்பிவிடலாம்.

"வைக்காதீங்க அத்தை," என்றான். வகுப்பிடம் ஆங்கிலத்தில் சொன்னான், "என் மனைவியோட அம்மா."

"வேர் இஸ் வைஃப்?"

"இறந்துட்டா."

அந்தச் சொல்லை எந்த மொழியிலும் அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்ன பிறகும் சுவர் சுவராகவே நின்றது. பஸ் அம்மா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

அத்தை எட்டாவது வரை படித்தவர். மிச்ச ஆங்கிலமெல்லாம் டிவியிலும் பேங்க் வரிசையிலும் பொறுக்கியது. மருமகன் சொன்னது காதில் விழுந்ததோ என்னவோ, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஹலோ ஸ்டூடன்ட்ஸ்! ஐ ஆம் மதர். ஹீ ஈட்டிங்? யூ சீ! ஃபேட் ஆர் தின்?"

இவ்வளவு ஓட்டை ஆங்கிலத்தை இவ்வளவு அதிகாரமாகப் பேசி அவர்கள் கேட்டதில்லை.

"தின்!" என்றார் பஸ் அம்மா. "வெரி தின்! மார்னிங் ஹீ ரன், ரன். மை பஸ் வெயிட்!"

"வொய் வெயிட்? யூ கோ! ஹீ மஸ்ட் கெட் அப் ஏர்லி!"

"நோ மதர்! குட் மேன்! ஐ வெயிட்!"

எப்போதும் லேட்டாகக் கிளம்புகிற பஸ் என்றல்லவா அவன் நினைத்திருந்தான்.

ரொட்டிக்கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். வாத்தியார் தன் கடையில் வாங்குவது ஒரே ஒரு சின்ன ரொட்டி என்று கோள் மூட்டினார்.

"யூ கிவ் பிக்!"

"ஹீ நோ டேக்!"

"டோன்ட் ஆஸ்க்! புட் இன் பேக்!"

ரொட்டி பல்லுக்குக் கெடுதல் என்று பல் மருத்துவரின் உதவிப் பெண் குறுக்கே புகுந்தாள். தன் ரொட்டியை எவள் குறை சொல்வது என்று அவர் பாய்ந்தார். பின்வரிசை இரண்டாகப் பிரிந்தது. சண்டை முழுக்க ஆங்கிலத்தில். தெரியாத சொல் வந்த இடத்தில் கையை ஆட்டினார்கள், பல்லைத் தட்டிக் காட்டினார்கள். ஒருவரும் பெஞ்சைப் பார்க்கவில்லை.

முதல்வர் எழுந்து முன்னால் வந்தார். அறை அடங்கியது. அவர் போனுக்குக் குனிந்தார்.

"ஹலோ மேடம். ஐ ஆம் பிரின்சிபால் பொம்பளை."

காதில் விழுந்த அந்தத் தமிழ்ச் சொல்லை ஏதோ பட்டம் என்று நினைத்துக்கொண்டார் போல. அத்தை சட்டென்று குரலைப் பணிவாக்கிக்கொண்டார்.

"மேடம்... மை சன் பாஸ் ஆர் ஃபெயில்?"

"பாஸ்," என்றார் முதல்வர். "ஆனா அடுத்த வியாழக்கிழமையும் நீங்க வரணும்."

வகுப்பு கை தட்டியது. அவன் ஸ்பீக்கரைத் துண்டித்து போனைக் காதில் வைத்தான்.

"அவ இருந்தா இதக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா அத்தை."

"சிரிப்பாளா?" அத்தை மூக்கை உறிஞ்சினார். "ரொட்டிக்காரன் பக்கம் சேர்ந்துக்கிட்டு என்னையே எதிர்த்திருப்பா. போங்க, போய் வேலையப் பாருங்க."

அதற்குள் ரொட்டிச் சண்டை மறுபடி மூண்டு வராந்தா வரை போய்விட்டது. பக்கத்து அறைக் கணக்கு வாத்தியார் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "யார் கிளாஸ் சார் இது? ஒரே இரைச்சல்!"

"என் கிளாஸ்தான்," என்றான் அவன், வராந்தா முழுக்கக் கேட்கும்படி.