வீரம்மா பூசிய வெடிப்பு

1

இந்தக் கதை எனக்கு இலங்கை மலையகத்தில், டயகம போகும் பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்தில் இருந்த பெண் ஒரு தாளில் மலைச்சரிவை வரைந்து, அதைப் பாண் ரொட்டி வெட்டுவதுபோல் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். பெயர் தனுஷிகா. மண்சரிவை ஆராயும் பொறியியலாளர்.

“ஒவ்வொரு துண்டும் எவ்வளவு கீழ இழுக்குது, மண்ணு எவ்வளவு புடிச்சு நிக்குதுன்னு பாப்போங்க. புடிக்கிறத இழுக்கிறதால வகுத்தா ஒன்னுக்கு மேல வரணும். கொறஞ்சா மலை நிக்காது.”

மலைக்கும் பாஸ் மார்க் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மற்றதெல்லாம் கற்பனை. அவளைக் கேட்காமலே கதைக்குள் இழுத்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘மூடுபனி தேயிலை மலையைத் தழுவிய ஒரு காலையில்—’

வேண்டாம். அது சுற்றுலா விளம்பரத்துக்கு இருக்கட்டும்.

தோட்டத் தொழிலாளர் வரிசையாய்க் குடியிருக்கும் லயத்துக்குப் பின்மேட்டில் வெடிப்பு விட்டிருந்தது. வீரம்மா கையை விட்டுப் பார்த்தாள். முழங்கை வரை போனது. கீழே லயத்தின் கடைசி அறையில், கடைசிக் காம்பராவில், அவளும் மகள் வினோதாவும் வினோதாவின் கைக்குழந்தையும் இருந்தார்கள். வேறு இடம் கேட்டு அலைந்து அலுத்த பிறகு, மண்சரிவு ஆபத்து உண்டா என்று நாளைக்குப் பொறியியலாளர் பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது.

வீரம்மா உடனே மண் குழைத்தாள். வெடிப்பை அடைத்து, சாணி மெழுகி, மேலே புல்லும் பதித்தாள்.

“காட்டத்தானம்மா வரச் சொன்னோம்?” என்றாள் வினோதா.

“பெரியவங்க வர்ற எடம். மேடு வாயப் பொளந்துகிட்டுக் கெடந்தா நம்மள என்ன நெனப்பாங்க? வாயால சொல்லிக்கலாம்.”

(இவ்வளவு வெகுளியா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் தோட்டத் துரை வந்தால் வாசல் கூட்டி, சாக்கடைக் கான் சுத்தம் செய்து நிற்பது தலைமுறை தலைமுறையாய் உடம்பில் ஏறிய பழக்கம். வீரம்மாவை நான் நம்புகிறேன்.)

மறுநாள் வாயால் சொல்லவும் முடியவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது, அன்றைய கூலி போய்விடும் என்று அவள் கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். வினோதா குழந்தைக்கு ஊசி போடக் கிளினிக்குக்குப் போயிருந்தாள். தனுஷிகா பார்த்தது ஒழுங்கான புல்மேடு. கணக்கு ஒன்றைச் சற்றே தாண்டி வந்தது.*

* வெடிப்பையும் சேர்த்திருந்தால், அதில் மழைநீர் நிறைந்து மண்ணைத் தள்ளும் விசையும் சேரும். ஒன்றுக்குக் கீழே இறங்கியிருக்கும். அவள் கணக்கில் பிழையில்லை.

3

தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கந்தப்பன் வந்து சொன்னார்: “ஒங்க லயம் பாஸாம். பயப்படாம இருக்கச் சொன்னாங்க.”

வீரம்மா மேட்டுக்கு ஏறிப்போய், தான் பதித்த புல்லைத் தடவிப் பார்த்தாள்.

“கெளறி விட்டுட்டுத் திரும்பக் கூப்பிடுவோமா?” என்று வினோதா மெல்லக் கேட்டாள்.

“புது வீட்டுக்கு ஆசப்பட்டு நம்மளே வெட்டி வச்சோம்னு சொல்லுவாங்கடி.”

 

4

மலை மண்ணுக்குள் எந்த வளைவில் வழுக்கும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாதாம். அதனால் பல வளைவுகளை வரைந்து, ஒவ்வொன்றையும் கணக்குப் பார்ப்பார்கள். நானும் வரைகிறேன்.

வளைவு ஒன்று: வீரம்மா வெட்கத்தை விழுங்கிக்கொண்டு பஸ் ஏறி, தனுஷிகாவிடம் உண்மையைச் சொல்கிறாள். அவள் நம்புகிறாள்.

வளைவு இரண்டு: இந்த வருடம் மழை குறைவு.

வளைவு மூன்று: மழை விடவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது பின்சுவர்

(இதை நான் முடிக்கப்போவதில்லை.)

வரைந்ததில் மிக மோசமான வளைவையே விடையாக எடுக்கவேண்டும் என்பது அந்த முறையின் விதி. எனக்குக் கை வரவில்லை, நீங்கள் எடுங்கள். எடுக்குமுன் ஒன்று தெரிந்திருக்கட்டும்: வீரம்மா பூசிய மண் காய்ந்து மறுபடி விரியத் தொடங்கிவிட்டது. அவள் இன்னொரு சட்டி மண் குழைத்துவைத்து, பூசுவதா வேண்டாமா என்று தெரியாமல் மேட்டில் நிற்கிறாள். ராகலை ஊர்ப் பக்கம் மழை பிடித்துவிட்டதாம்.