வெற்று வரிகள் அழிந்த மதியம்

அச்சகத்து முதலாளி மின்னஞ்சல் பெட்டியிலிருந்த வெற்று வரிகளையெல்லாம் அழித்த அன்று மதியம், அந்த அச்சகத்துக்கு இத்தனை வருஷமாக மடல் போட்டவர்கள் அத்தனை பேரும் ஒருவர் தோளோடு ஒருவர் தோள் ஒட்டிக்கொண்டு, ஒரே வரிசையாக வாசலில் வந்து நின்றார்கள். வரிசையின் தலை அச்சகத்துப் படியில், வால் மருந்துக்கடை தாண்டி, முக்குத் திரும்பி, பஸ் நிறுத்தம் வரை. யாருக்கும் அடிபடவில்லை, வலியும் இல்லை. பிரிய முடியவில்லை, அவ்வளவுதான். பேச்சும் பிரியவில்லை என்பதுதான் வேடிக்கை! முன்னால் நின்ற காகித வியாபாரி, "தாள் கட்டு வந்து சேர்ந்ததும்" என்று ஆரம்பித்தால், பின்னால் நின்ற பல் டாக்டர் மூச்சுவிடாமல் "வெந்நீர்ல நல்லா வாய் கொப்பளிச்சுட்டு" என்று தொடர, அவருக்குப் பின்னால் நின்ற துணிக்கடைக்காரர் "ரெண்டு எடுத்தா ஒண்ணு இலவசம்" என்று முடித்தார். பஸ் டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோய், இறங்கி வந்து தானும் வேடிக்கை பார்த்தார்.

முதலாளியைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அச்சுத் தொழிலிலேயே தலை நரைத்த மனுஷர். வெற்று வரியைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும். ஒரு புத்தகத்தில் பத்து வெற்று வரியை மேலே இழுத்துவிட்டால் அரைப் பக்கம் மிச்சம், அரைப் பக்கம் நாலு சேர்ந்தால் ஒரு தாள் மிச்சம். ஊரே அவரை 'வரிச்சிக்கனம்' என்றுதான் கூப்பிட்டது. அன்று காலை மடல் பெட்டி திறக்கவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரிடம் போனில் கேட்டதற்கு, "வந்த மடல் பூராவும் ஒரே ஃபைல்லதான் சார் கிடக்கு, ரொம்ப ஊதிப்போச்சு" என்றார். அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று கேட்டு, முதலாளி அதைத் திறந்தே விட்டார். பார்த்தால், அத்தனை வருஷத்து மடல்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக, நீளமான புரூஃப் மாதிரி ஓடுகின்றன. ஒருவர் முடிந்து அடுத்தவர் தொடங்கும் இடத்தில் ஒரு வெற்று வரி. அந்த வரிதான் அவர்களுக்கு நடுவே இருக்கும் சுவர் என்று பாவம் அவருக்கு யார் சொன்னார்கள்? ஒரே தட்டில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "பாத்தீங்களா அக்கா, மொத்தமும் ஒரே மடலா சுருங்கிடுச்சு!" என்று குதித்தார்.

அக்கா என்பவள் அங்கே கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிறவள். முதலாளியைவிட இருபது வயது இளையவள், ஆனாலும் அவருக்கும் அவள் அக்காதான். திரையைப் பார்த்ததுமே அவள் ரிப்பேர்காரரை மறுபடி கூப்பிட்டாள். "காப்பி எடுத்து வெச்சீங்களா?" என்று அவர் கேட்க, முதலாளி விட்டத்தைப் பார்க்க, அக்காதான் "இல்லை" என்றாள். "அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. ஒவ்வொரு ஆளுக்கும் நடுவுல கையாலதான் வரி போடணும்" என்று போனை வைத்துவிட்டார். எத்தனை பேர் என்று பார்க்கத் தெருவில் இறங்கி நடந்தவள், மருந்துக்கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். பசைக் கம்பெனி ஏஜெண்டுக்கும் பள்ளித் தலைமையாசிரியைக்கும் நடுவே, கையில் கரண்டியோடு, முழங்கால் வரை கடல்நீர் சொட்ட, அவளுடைய தம்பி நின்றுகொண்டிருந்தான்.

ஆறு வருஷம்! அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது சமையல்காரனாகக் கப்பல் ஏறிப் போனவன். போன புதிதில் அச்சகத்து முகவரிக்குத்தான் அக்காவுக்கு மடல் போடுவான். அம்மா போன அன்று, 'இனிமேல் எனக்கு எழுதாதே' என்று ஆத்திரத்தில் அவள் ஒரு மடல் தட்டிவிட்டாள். அவனும் எழுதவில்லை. ஆத்திரம் ஒரு மாதத்தில் வடிந்துவிட்டது, வீறாப்பு வடியவில்லை. அப்புறம் அவளே எழுதியபோது மடல்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. இப்போது அவன் கைக்கெட்டும் தூரத்தில். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வந்த வழியே அச்சகத்துக்கு ஓடினாள்.

முதல் வரியைப் போட்டாள். காகித வியாபாரி பொத்தென்று கழன்று, திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் கடைக்கு நடந்தார். அடுத்த வரி, பல் டாக்டர். அடுத்தது, துணிக்கடைக்காரர். அடேயப்பா, என்ன வேகம்! ஒவ்வொரு என்டருக்கும் ஓர் ஆள் கழல, ஒட்டியிருந்த பேச்சும் தனித்தனியாகப் பிரிய, வரிசை நகர்ந்து படியேறி, அச்சகத்துக்குள்ளேயே வந்துவிட்டது. முதலாளி ஓடி ஓடி வழிவிட்டார். ஆனால் அக்காவின் விரல் மெல்ல மெல்லத் தளர்ந்தது. கழன்ற ஒருவர்கூட ஒரு நிமிஷம் நிற்கவில்லை. வந்த இடத்துக்கே காற்றாகப் போய்விட்டார்கள். இவனும் கழன்றால் கப்பலுக்குத்தானே போவான்?

ஏஜெண்டு கழன்றார். இப்போது தம்பி அவள் மேசை ஓரத்தில் நின்றான். ஆளை அடையாளம் கண்டுகொண்ட முதலாளி அவள் காதருகே குனிந்து, "இந்த ஒரு வரியை மட்டும் விட்டுடுங்களேன் அக்கா. யாரு கேக்கப் போறா?" என்றார்.

"நான் கேப்பேன்!" என்றார் தலைமையாசிரியை. "ஸ்கூல்ல நாளைக்குப் பரீட்சை இருக்கு. இந்தத் தம்பியோட ஒட்டிக்கிட்டா போய் நிக்க முடியும்?"

நியாயம்தான். அவனைப் பிடித்து வைத்தால் அந்த அம்மாளையும், அவருக்குப் பின்னால் முக்கு வரை நிற்பவர்களையும் சேர்த்தல்லவா பிடித்து வைக்க வேண்டும்? அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்னடா சொல்ற?" என்றாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் பேச்சு அது.

"போடுக்கா" என்றான்.

போட்டாள். கையோடு தலைமையாசிரியைக்கான வரியையும் தட்டிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காலடி ஒன்று விறுவிறுவென்று வாசலைத் தாண்டிப் போயிற்று. போய்விட்டான், அவ்வளவுதான் என்று நினைத்தாள். அழுவதற்கும் நேரமில்லை, வரிசையில் இன்னும் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். கண்ணைத் திறந்தால், போனது தலைமையாசிரியை. தம்பி ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரக் கால்சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"நீ போகலையா?"

"எழுதாதேன்னுதானேக்கா சொன்ன? வராதேன்னு சொல்லலையே."

அக்கா அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். பிறகு அதே கையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரியைப் போட்டாள். அவன் பெயர்களைச் சத்தமாகப் படிக்க, அவள் தட்டத் தட்ட, பொழுது சாய்வதற்குள் தெரு காலியாகி, பஸ்ஸும் கிளம்பிப் போயிற்று. நடுக்கடலில் அந்தக் கப்பலில் அன்று யார் சமைத்தார்களோ தெரியாது. அக்கா வீட்டில் அன்று அவன்தான் சமைத்தான், இன்றும் அவன்தான் சமைக்கிறான்.