சாக்கடையில் ஓடிய சூடு

தீபாவளிக்கு முந்திய அடைமழையில் சிவகாசியில் நல்லசிவத்தின் அச்சகம் திணறிக்கொண்டிருந்தது. அச்சடித்த பட்டாசு லேபிள்கள் காயவே இல்லை. அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டின. சாயங்காலத்துக்குள் சரக்கு வராவிட்டால் ஆர்டரை வேறிடம் கொடுத்துவிடுவதாக விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து சொல்லிப் போயிருந்தான்.

அச்சக ஃபோர்மேன் ராஜசிங்கின் மனைவி இன்பம், விருதுநகர்ப் பெண்கள் பள்ளியில் பௌதிகம் நடத்துபவள். அன்று சனிக்கிழமை. கணவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் சேற்றுக் காலைக் கழுவ எஞ்சின் கொட்டகைக் குழாயடியில் நீட்டி, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அச்சு மிஷினை ஓட்டும் ஆயில் எஞ்சினைக் குளிரவைத்துவிட்டு வந்த தண்ணீர் அப்படிச் சுட்டது.

அவளுக்குள் பரபரவென்று கணக்கு ஓடத் தொடங்கியது. அச்சுத் தகடு தயாரிக்கும் பிளேட் அறையிலிருந்து வெப்பமானியை வாங்கிவந்தாள். உள்ளே போகும் தண்ணீர் இருபத்தெட்டு டிகிரி, வெளியே வருவது ஐம்பத்தெட்டு. மணிக்கு எவ்வளவு தண்ணீர் என்று வாளி வைத்து அளந்தாள். எஞ்சின் எவ்வளவு டீசல் குடிக்கும், எத்தனை குதிரைசக்தி என்று கணவனிடம் கேட்டுக்கொண்டு, சுண்ணாம்புக் கட்டியால் சுவரிலேயே போட்டுப் பார்த்தாள்.

"டீசலோட நூறு பங்கு சூட்டுல இருபத்தஞ்சுதான் மிஷின ஓட்டுது. முப்பது பங்கு இந்தத் தண்ணியில சாக்கடைக்குப் போகுது. மிச்சம் பூரா புகையிலயும் காத்துலயும்" என்றாள்.

நல்லசிவம் பதறிப்போனார். "அப்ப எஞ்சினு கெட்டுப்போச்சா, டீச்சரம்மா?"

"இல்ல அண்ணாச்சி. கொஞ்சம் சூட்ட வெளிய தள்ளாம எந்த எஞ்சினும் ஓடாது. தள்ளுறத நாம புடிச்சுக்கிடலாம்ல."

கிடங்கில் கிடந்த பழைய இரும்புக் குழாய்களை ராஜசிங் லேபிள் அறையின் சுவரோரம் வளைய வளைய மாட்டி, வெந்நீரை அதற்குள் திருப்பிவிட்டான். குழாய் சுட்டது, அறையும் கதகதத்தது. ஆனால் லேபிள் பிசுபிசுத்தபடியே இருந்தது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்து வழிந்தது. நல்லசிவத்தின் முகம் தொங்கிப்போயிற்று.

இன்பம் கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்தாள். சூடு வந்துவிட்டது, ஈரம் போகத்தான் வழியில்லை. மேலே இருந்த காற்றுத் துவாரங்களைத் திறந்து, கதவின் அடியில் அடைத்திருந்த சாக்கை எடுக்கச் சொன்னாள். ஈரக்காற்று மேலே வெளியேற, கீழேயிருந்து புதுக்காற்று குழாயில் பட்டுச் சூடாகி உள்ளே ஏறியது.

மூன்று மணிவாக்கில் ராஜசிங் ஒரு லேபிளை எடுத்து உதறினான். மொடமொடவென்று சத்தம் கேட்டது.

"காஞ்சிருச்சு" என்றான்.

அதன்பின் யாரும் உட்காரவில்லை. இன்பமும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லேபிள்களைக் கட்டுக் கட்டாக எடுத்துக் கொடுத்தாள். பொழுது சாயுமுன் லோடு விஸ்வநத்தத்துக்குக் கிளம்பியது. தார்ப்பாயில் மழை அடித்துக்கொண்டிருக்க, லாரி தெருமுனை திரும்பும்வரை அவள் கொட்டுகிற மழையில் நனைந்தபடி சிரித்துக்கொண்டு நின்றாள்.